மதியம் வந்தவள்

பென்டிரைவ் சூடாக இருந்தது.

கட்டைவிரல் அளவுப் பொருள். மூன்று மணிக்கு வேலையிலிருந்து வந்தவள், செருப்பைக் கழற்றிய கையோடு குளியலறைக்குப் போய், நாப்கின் பாக்கெட்டுக்குள் விரலை விட்டு அதை எடுத்தாள். வெயிலே எட்டிப் பார்க்காத ஈரச் சுவரோரம், பஞ்சுக்கு நடுவே, காலை ஆறு மணியிலிருந்து கிடந்த பொருள், யாரோ உள்ளங்கையில் வெகுநேரம் பொத்தி வைத்திருந்து இப்போதுதான் கொடுத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சந்தேகமில்லை.

கூடத்தில் அக்கா காதில் ஹெட்செட்டோடு யாருக்கோ வண்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். பத்து வருடத்துக்கு முன் இரண்டு கண்ணிலும் பார்வை போனபிறகு, ஒரு டாக்ஸி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போன் எடுப்பது அவள் வேலை. தங்கை உள்ளே வந்தபோது, "என்ன சின்னு, எதையாவது மறந்துட்டியா?" என்று கேட்டிருந்தாள். ஏதோ காலை ஞாபகத்தில் கேட்கிறாள் என்று தங்கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் இருவர்தான். இப்படி ஒரு பொருள் வீட்டில் இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று சின்னு முடிவு செய்து மூன்று மாதமாகிறது.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சின்னு டெக்னீசியன். ஊரின் கிழக்குப் பக்கக் குழாய்களில் ஈயம் கலந்திருக்கிறது என்று அவள் கையால் எழுதிக் கொடுத்த எண்கள், மேலே போய்த் திரும்பி வந்தபோது வேறு எண்களாக இருந்தன. அந்தப் பக்கம் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. போய்க் கேட்டதற்கு, அளக்கிறது உன் வேலை, எழுதுறது எங்க வேலை என்று மேலதிகாரி சிரித்தார். அதற்குப் பிறகுதான் அவள் ஒரு பத்திரிகையாளரைத் தேடிப் பிடித்தாள். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. பென்டிரைவைத் தயார் செய்யச் சொல்லிக்கொடுத்தது அந்த ஆள்தான்.

அந்தத் துக்கடாவுக்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரை ஓட்டும் மூளை இருந்தது. எந்த லேப்டாப்பில் செருகினாலும் அதன் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் தானே அதை எழுப்பி நடத்தும். அனுப்புவதையெல்லாம் எங்கெங்கோ இருக்கும் மூன்று இயந்திரங்கள் வழியாகச் சுற்றிவிடும். கிளம்பிய இடம் ஈ காக்கைக்குத் தெரியாது. பிடுங்கினால் அந்த நொடியே நடந்ததையெல்லாம் மறந்துவிடும். மிஞ்சுவது, அவள் எண்களும் பத்திரிகையாளரை எட்டும் வழியும் உள்ள, பூட்டிய ஒரு சின்னப் பெட்டி மட்டும். ஏழு வார்த்தைகளை வரிசை மாறாமல் தட்டினால் அது திறக்கும். தட்டியது யார் என்று அது கேட்காது. கேட்காமலிருக்கத்தான் அதைச் செய்திருந்தார்கள்.

அந்த மறதியை நம்பித்தான் மூன்று மாதமாக நிம்மதியாகத் தூங்கினாள். இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தபோது, அதே மறதி அவளுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. வேறு யாராவது இதை எடுத்திருந்தால் எப்போது எடுத்தார்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், எதைத் திறந்தார்கள் என்று ஒரு கீறல்கூட அதில் இருக்காது. அவளைக் காப்பாற்றிய அதே விசுவாசத்தோடு அது அவர்களையும் காப்பாற்றியிருக்கும்.

பெட்டி திறந்தது. பத்திரிகையாளரிடமிருந்து ஒரு வரி காத்திருந்தது: மதியம் அனுப்பியது கிடைத்தது, ஆனால் ஏன்?

என்ன கிடைத்தது என்று கேட்டு எழுதினாள். அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. நான் கொடுத்த எண்கள் எல்லாம் பொய், மேலதிகாரி மேலிருந்த கோபத்தில் ஜோடித்தவை, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று ஒன்றரை மணிக்கு அவளே எழுதியிருந்தாளாம். எழுதவில்லை என்று அவள் சாதித்தாள். நாம் பேசிவைத்த அடையாளச் சொல் சரியாக இருந்ததே என்றது பதில். இன்னும் சற்று நேரம் கழித்து, தயங்கித் தயங்கி எழுதியதுபோல் இன்னொரு வரி வந்தது.

"இப்போது எழுதுவது நீங்கள்தான் என்று நான் எப்படி நம்புவது?"

பெயர் சொல்லியதில்லை, முகம் காட்டியதில்லை. தான்தான் என்று நிரூபிக்க எதுவும் மிச்சமிருக்கக் கூடாது என்று மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்துத் துடைத்தவளே அவள்தான்.

சாப்பிடும்போது, பேச்சுவாக்கில் கேட்பதுபோல் அக்காவிடம் கேட்டாள், மதியம் யாராவது வந்தார்களா என்று.

"நீதானே வந்தே," என்றாள் அக்கா. "ஒரு மணி இருக்கும். கூப்பிட்டேன், பேசல. நேரா ரூமுக்குப் போய் டொக்டொக்குன்னு தட்டிட்டு இருந்தே. டீகூட கொண்டுவந்து வச்சேன்."

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

"உன் நடை எனக்குத் தெரியாதா? இடது காலைக் கொஞ்சம் இழுப்பே." அக்கா சிரித்தாள். "ஏன், பேயா வந்து டீ குடிச்சிட்டுப் போகும்?"

தொட்டியில் கிடந்த டம்ளர்களைச் சின்னு எண்ணினாள். ஒன்று கூடுதலாக இருந்தது. அடியில் மண்டிய தேயிலை காய்ந்திருந்தது. ஆமாம், வந்தேன், மறந்துவிட்டேன் என்று சொல்லி வைத்தாள். கண் தெரியாதவளைப் பகலெல்லாம் தனியாக விட்டுப் போகிற வீட்டில் வேறு என்ன சொல்வது?

மறுநாள் விடிந்ததும் பூட்டுக்காரரை வரவழைத்து முன்கதவு, பின்கதவு இரண்டுக்கும் புதுப் பூட்டு போட்டாள். ஏழு வார்த்தைகளையும் மாற்றினாள். எங்கும் எழுதவில்லை, வாய்க்குள்கூட முணுமுணுக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் அன்று ஒரு தண்ணீர் மாதிரியைக் கொட்டினாள், இன்னொன்றுக்கு எண் மாற்றி ஒட்டினாள், ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு வீட்டுக்கு ஓடிவந்து பாக்கெட்டுக்குள் விரலை விட்டாள்.

சூடாக இருந்தது.

பெட்டிக்குள் பத்திரிகையாளர் எழுதியிருந்தார். மறுபடி அதையே எழுதியிருக்கிறீர்கள். வெளியிடுவதா அழிப்பதா என்று நாளை இரண்டு மணிக்குள் முடிவு செய்தாக வேண்டும். அப்போது கடைசியாக வந்த கடிதம் என்ன சொல்கிறதோ அதன்படி செய்வேன்.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டாள். பென்டிரைவை அதன் இடத்திலேயே விட்டிருந்தாள். பன்னிரண்டரைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வழியாக உள்ளே நுழைந்தாள். கூடத்தில் அக்கா, விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கத்திய யாரையோ, "வண்டிதான் அனுப்ப முடியும் சார், விமானத்தை நிறுத்தி வைக்க முடியாது" என்று சமாதானம் செய்துகொண்டிருந்தாள். அந்தப் பேச்சுச் சத்தத்துக்குள் தன் காலடியை ஒளித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து அறைக்குள் போய், மேசைக்கு எதிரே இருந்த பெரிய துணி அலமாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவில் சாய்வாகப் பதித்த மரச்சட்டங்களின் இடைவெளி வழியே மேசை தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, கட்டிலின் ஒரு மூலை தெரிந்தது. பழைய கம்பளியும் அந்துருண்டையும் கலந்த வாடை தொண்டையை அடைத்தது. தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வரும் கூவல். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

ஒன்று ஐந்து.

ஒன்று பத்து.

புதுப் பூட்டில் சாவி நுழைந்தது. துழாவவில்லை. முரண்டு பிடிக்கவில்லை.

"வந்துட்டியா?" என்றாள் அக்கா.

நடை. வலது கால். இழுத்து வைக்கும் இடது கால். குளியலறைக் கதவு. பாக்கெட் கசங்கும் சத்தம். மறுபடி நடை.

அறைக்குள் முதுகு மட்டும் தெரிந்தது. சாம்பல் நிறச் சட்டை, காலரின் கீழே காயாத ஒரு நீலக் கறை. அன்று கிளம்பும் முன் பரிசோதனைக் கூடத்தில் அவள் சட்டையில் சிந்திய அதே மருந்துக் கறை. சின்னு தன் காலரைத் தடவினாள். ஈரம் விரலில் ஒட்டியது.

நாற்காலி இழுபட்டது. திரை வெளிச்சம் வந்தது. தட்டச்சு. முதல் வார்த்தை. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவதுக்கு முன் ஒரு தயக்கம். அவளும் அந்த இடத்தில்தான் தயங்குவாள். ஐந்து. ஆறு. ஏழு.

பெட்டி திறந்தது.

அக்கா சுவரைத் தடவியபடி டீயோடு வந்தாள். மேசையில் வைத்தாள். போகாமல் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். இடது கை ஒன்று நீண்டு அக்காவின் பின்கழுத்தில் படிந்தது. மெல்ல வருடியது. வலது கை தட்டிக்கொண்டே இருந்தது.

"என்னடி இன்னிக்கு இவ்வளவு பாசம்," என்றாள் அக்கா. முகத்தில் சந்தோஷம்.

சின்னு வாயைத் திறந்தாள். கூப்பிட வேண்டும். அக்கா, எழுந்திரு. ஓடி வா.

கழுத்தில் இருந்த விரல்கள் இறுகின. அக்கா "ஸ்" என்று முகம் சுளித்தாள்.

சின்னு வாயை மூடிக்கொண்டாள். விரல்கள் தளர்ந்தன. வருடின.

அவள் பின்னால் நகர்ந்தாள். தோளில் ஒரு ஹேங்கர் இடித்தது. சின்னச் சத்தம்தான். அக்காவின் காதுக்கு அது போதும். அவள் தலையை நிமிர்த்தினாள்.

"சின்னு, அலமாரிக்குள்ள என்னமோ இருக்கு."

தட்டச்சு நின்றது.

தலை திரும்பியது. உடம்பு திரும்பவில்லை, தலை மட்டும். திரை வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் இருட்டாக இருந்தது. அது மரச்சட்டங்களுக்கு நேராக வந்து நின்றது.

"எலியா இருக்கும்க்கா," என்றது சின்னுவின் குரல்.

அலமாரிக்குள் அவள் உதடு அசையவில்லை.

"அப்போ நாளைக்கு மருந்து வச்சிடு," என்று அக்கா சிரித்தாள்.

முகம் திரும்பவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தது. இடது கை அக்காவின் கழுத்தில் அப்படியே இருந்தது. பின்னால், திரையைப் பார்க்காமலே, வலது கை மறுபடி தட்ட ஆரம்பித்தது. நிதானமாக. ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல்.