வாடாத செடிக்கு மூன்று புகார்

மழைக்கு ஒதுங்கும் அவசரத்தில் அவள் அந்தக் கடைக்குள் நுழையவில்லை... கடைதான் வந்து அவள் நெற்றியில் மோதியது.

டம்மென்று ஒரு சத்தம். கதவு இருந்த இடத்தில் கதவே தெரியாத அளவுக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தார்கள். கையில் தண்ணீர்க் குடுவை, தோளில் கத்தரியும் துணியும் திணித்த பை, தலையிலிருந்து கால்வரை மழை... இத்தனையும் போதாதென்று நெற்றியில் ஒரு புடைப்பு வேறு.

உள்ளேயிருந்து ஒருவன் ஓடிவந்து கதவைத் திறந்தான்.

"பலமான அடியா?"

"கதவுக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தாங்க... கதவுக்குப் பழகிப்போச்சு. வாங்க, உட்காருங்க. தூரத்துல இருக்கறது தெரியலையா, கிட்டத்துல இருக்கறது தெரியலையா?"

அவள் முகத்து நீரை வழித்துவிட்டு நிமிர்ந்தாள். நாலு சுவரிலும் மூக்குக் கண்ணாடிகள். அத்தனையும் அவளையே உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நான் கண் காட்ட வரலைங்க. செடி பார்க்க வந்திருக்கேன்."

அதுதான் அவள் வேலை. அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் செடிகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் இருந்தாள். வாரம் ஒருமுறை ஒவ்வோர் இடமாகப் போய்த் தண்ணீர் ஊற்றி, துடைத்து, பழுத்ததைக் கிள்ளிவிட்டு வரவேண்டும். இந்தத் தெருவுக்கு வழக்கமாக வருகிறவள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். அவள் போகாதிருந்தால் இந்தப் புடைப்பும் இல்லை, இந்தக் கதையும் இல்லை.

"செடிக்காரங்களா? நல்ல நேரத்துல வந்தீங்க" என்று அவன் மூலையைக் காட்டினான்.

உயரமான அலமாரியின் உச்சியில், ஏசியின் குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்கும்படி, ஒரு மணி பிளான்ட். கொடிகள் தரைவரை தொங்கின. இலைகளில் பாதி மஞ்சள். மீதி இலைகள் மினுமினுத்தன... ஒரு செடிக்கு ஆகாத மினுமினுப்பு. அவள் ஓர் இலையைத் தொட்டு, விரலை முகர்ந்தாள்.

"இது என்ன வாசனை?"

"லென்ஸ் துடைக்கற ஸ்ப்ரேங்க. தினம் காலையில கண்ணாடியெல்லாம் துடைச்சு முடிச்சதும் இதுக்கும் ஒரு தடவை... பளபளன்னு இருக்குல்ல?" அவன் குரலில் பெருமை வழிந்தது.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "இலை என்ன மூக்குக் கண்ணாடியா? அது மூச்சு விடறதே இது வழியாத்தான். தண்ணி?"

"அதுல குறையே வைக்கறதில்லை. காலையில நான், மத்தியானம் அக்கா, சாயங்காலம் மறுபடி நான்."

மண்ணுக்குள் விரலை விட்டாள். சேற்று வயலில் விட்டது போல இருந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமே நஞ்சு, இது வெறும் குழாய்த் தண்ணீர்.

"ஏங்க... பசிச்சாலும் பசிக்கலைன்னாலும் ஒரு நாளைக்கு மூணு வேளை உங்க வாயில புனலை வெச்சு ஊத்தினா எப்படி இருக்கும்?"

"எங்க அக்கா அப்படித்தான் வளர்த்தாங்க."

கல்லாவுக்குப் பின்னால் இருந்த அக்கா தலை தூக்கினாள். கடை அவளுடையது. மூக்கின்மேல் ஒரு கண்ணாடி, நெற்றியின்மேல் ஒரு கண்ணாடி. "நான் அப்பவே சொன்னேம்மா. இவன் ஒண்ணுமேல பாசம் வெச்சா அது உருப்படாது."

அவள் செடியை இறக்கினாள். இலை இலையாக வெறும் ஈரத் துணியால் துடைத்தாள். மொட்டையாக நீண்டுகிடந்த கொடிகளைக் கணுவுக்கு மேலே நறுக்கினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் "ஸ்..." என்று பல்லைக் கடித்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில், வெயில் மேலே விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிற இடமாகப் பார்த்து வைத்தாள்.

"மேல் மண்ணு காஞ்சாத்தான் தண்ணி. அதுவரைக்கும் இது பக்கமே வராதீங்க."

"பார்க்கலாமா?"

"என்னது?"

"தூரத்துல நின்னு... சும்மா பார்க்கலாமான்னு கேட்டேன்."

அப்போதுதான் அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். நாள் முழுக்க மற்றவர் கண்களையே பார்க்கிறவன், தன் கண்களை ஒளித்துக்கொள்ளப் பழகாதவன். மனதில் உள்ளது அத்தனையும் அங்கே திறந்து கிடந்தது. வெளியே மழை வலுத்தது... அவள் சட்டென்று குடுவையைத் தூக்கிக்கொண்டாள்.

'சரியான தொல்லை' என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். அடுத்த வாரம்வரை அவளுக்கு அந்த முணுமுணுப்பு ஓயவில்லை.

வாரங்கள் போயின. செடி தேறியது. வெட்டிய இடத்துக்குக் கீழே சுருட்டிய தாள்போல் புது இலை எட்டிப் பார்த்தது. அதைக் காட்டும்போது அவன் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது, தூங்குகிற குழந்தையைக் காட்டுகிறவன் மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது... அடக்கிக்கொண்டாள்.

வாரத்துக்கு ஒருமுறை என்பது செடிக்குத் தாராளம். மனிதனுக்குப் போதுமா, சொல்லுங்கள்?

ஒருநாள் கம்பெனியிலிருந்து அழைப்பு. "கண்ணாடிக் கடையில செடி வாடுதாம். உடனே போ" என்றாள் மேனேஜரம்மா. பதைத்துப் போய்ப் பார்த்தால், அடியில் ஒரே ஒரு கிழட்டு இலை பழுத்திருந்தது.

"வயசான இலை விழத்தாங்க செய்யும். இதுக்கா போன் போட்டீங்க?"

"எனக்குப் பயமாயிருந்துச்சு..."

அடுத்த முறை, கொடி கீழே தொங்குகிறதாம்.

"தொங்கற செடி தொங்காம, பறக்கவா செய்யும்?" என்று அவள் வெடித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆமால்ல... இது எனக்குத் தோணவே இல்லை" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன பொய். அதையாவது அவள் கவனித்திருக்கலாம்.

கவனிக்க விடவில்லை மேனேஜரம்மா. அன்றைக்கே அவளை எதிரில் நிறுத்தி, "ஒரே கடையிலேருந்து ரெண்டு புகார். மூணாவது வந்தா உன் ரவுண்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீ மறுபடி ஷெட்டுக்குப் போயிடு" என்றாள்.

ஷெட்... அதன் தகரக் கூரையின் கீழ் மண் கலந்து கலந்து கழிந்த நாட்கள் அவளுக்கு மறக்கவில்லை. மனித முகம் பார்க்க முடியாத இடம். அங்கிருந்து தப்பி, தெருத்தெருவாக நடந்து, எந்த ஜன்னலில் எந்தச் செடி எப்படி மூச்சு விடுகிறதென்று தெரிந்துகொள்ளும் இந்த ரவுண்டு, அவள் பல்லைக் கடித்துக் காத்திருந்து வாங்கியது. அதற்கு உலை வைப்பது யார்? 'பார்க்கலாமா' என்று கேட்ட அந்தக் கண்ணாடிக்காரன்.

'முகத்துக்கு நேரே சிரிப்பு... முதுகுக்குப் பின்னால் புகார்.' ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே தீர்ந்திருக்கும். ஆனால் 'என்மேல் புகார் செய்யாதீர்கள்' என்று போய்க் கெஞ்சுவதா? ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்த வாரம் அவள் பேசவில்லை. துடைத்தாள், விரல் விட்டுப் பார்த்தாள், கிளம்பினாள். அவன் கேட்டதற்கெல்லாம் "ம்". அதற்கடுத்த வாரம் அந்த "ம்"மும் இல்லை. அவன் வாசல்வரை பின்னால் வந்தான்... அவள் திரும்பவில்லை. இதற்கு அவனுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். மறுநாளே கம்பெனிக்கு மூன்றாவது போன் போட்டான்.

கதவை அவள் தள்ளிய வேகத்தில் மூக்குக் கண்ணாடிகளெல்லாம் குலுங்கின.

"இப்ப சந்தோஷமா உங்களுக்கு?"

அவன் முகம் மலர்ந்து, அவள் கோபத்தைப் பார்த்ததும் வாடியது. "வந்துட்டீங்க... என்னாச்சு?"

"நாளையிலேருந்து நான் ஷெட்டுல மண்ணு கலக்கப் போறேன். மூணு புகார் வந்தா ரவுண்டு போயிடும். என் வேலையில என்ன குறை கண்டீங்க, சொல்லுங்க. எங்கே வாடியிருக்கு? காட்டுங்க."

"புகாரா? நான் எங்கேங்க புகார் பண்ணினேன்? செடி வாடுது, அவங்களை அனுப்புங்கன்னுதானே..."

"அதுக்குப் பேர்தாங்க புகார்."

அவன் செடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கல்லாவிலிருந்து அக்கா, கணக்குப் போடுவதை நிறுத்தாமல் சொன்னாள். "செடிக்கு ஒண்ணுமில்லைம்மா. வாடினது வேற. டேய், வாயைத் திறந்து சொல்றியா, இல்லை நான் சொல்லட்டுமா? நீ புலம்பறதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு."

"அக்கா, நீங்க சும்மா இருங்க..."

அவளுக்கு ஏதோ புரிவதுபோல் இருந்தது. புரிந்த வேகத்தில் கோபம் இரட்டித்தது. இதற்காகவா என் பிழைப்பில் மண்ணைப் போட்டான்? தன் போனை எடுத்து மேனேஜரம்மாவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் நீட்டினாள்.

"சொல்லுங்க. எங்கிட்ட இல்லை, அவங்ககிட்ட."

"ஹலோ, யாரு?" என்றது போன்.

அவன் போனை நோக்கிக் குனிந்தான். "மேடம்... கண்ணாடிக் கடையிலேருந்து பேசறேன். செடி நல்லா இருக்குங்க."

"காலையில வாடுதுன்னீங்க?"

"அது பொய்ங்க. அதுக்கு முன்னாடி சொன்னதும் பொய்தான். இவங்க வந்ததுக்கு அப்புறம் அது ஒருநாளும் வாடலை."

"அப்ப எதுக்கு மூணு தடவை ஆளைக் கூப்பிட்டீங்க?"

அவன் போனைப் பார்க்கவில்லை... அவளைப் பார்த்தான். ஒளிக்கத் தெரியாத அந்தக் கண்கள்.

"ஒரு வாரம் ரொம்ப நீளமா இருந்துச்சு மேடம். இவங்க திட்டினா அன்னிக்கு நல்லா இருந்துச்சு. திட்டறதை நிறுத்தினதும்... சோறு இறங்கலை. இவங்க வேலைக்கு இதனால கெடுதல் வரும்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா, பார்க்காமலே இருந்திருப்பேன். எனக்கு இவங்களைப் பிடிச்சிருக்கு. இதை நான் முதல்ல இவங்ககிட்ட சொல்லியிருக்கணும்... உங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "நான் மூணு பிள்ளை பெத்து, இந்தக் கம்பெனியையும் கட்டி மேய்க்கிறேன்... எனக்கு இது வேணுமா? ஏம்மா, கேட்கறியா?"

"கேட்கறேன் மேடம்."

"புகாரை எடுத்துட்டேன். ரவுண்டு உனக்கே. ஆனா அந்தக் கடைக்கு இனிமே நீ போகாதே, வேற ஆளை அனுப்பறேன். இந்த மனுஷன் நாளைக்குச் செடியைப் பிடுங்கிப்போட்டாலும் போடுவான்."

போன் அடங்கியது. தன் கையாலேயே அவள் வரவை அடைத்துவிட்டான். "போகட்டும்... உங்க ரவுண்டு தப்பிச்சுதே" என்றான் மெதுவாக. அதைச் சிரித்துச் சொல்லப் பார்த்தான், முடியவில்லை.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனாள். அவன் கதவைத் திறந்துவிட்டுத் தலை குனிந்து நின்றான். திட்டுவதற்கு எவ்வளவோ இருந்தது அவளிடம். இரண்டு வாரத்துத் திட்டு சேர்ந்து கிடந்தது... ஒன்றும் வரவில்லை, கன்னம்தான் சுட்டது.

"கேட்டீங்கல்ல... இனிமே இந்தக் கடைக்கு நான் வேலையா வர முடியாது."

"கேட்டேன்."

"கேட்டீங்க, சரி. கடை எத்தனை மணிக்கு மூடுவீங்கன்னு சொல்லத் தோணுதா?"

அவன் நிமிர்ந்தான். "ஆறு... ஆறரைக்கு. ஏன்?"

"ஏனாம்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களைத் திட்டறதுக்குக் காத்திருக்க எனக்கும் ஒரு வாரம் நீளமாத்தாங்க இருந்துச்சு."

சொல்லிவிட்டு நிற்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "டேய், வாயை மூடு. இன்னிக்கு அஞ்சு மணிக்கே சாத்திடலாம்."