மீன்கள் ஏறிய ரயில்

பட்டாணியை அவள் அம்மாகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆள் குட்டை, ஓட்டமோ வேகம். அதனால் ஐந்தாம் வகுப்பிலும் அவள் பட்டாணிதான்.

பள்ளி விட்டதும் கணினி அறையை எட்டிப் பார்த்தாள். ஓவிய டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், வீட்டுக்குப் போகலையா?"

"எங்கேம்மா போறது? நாளைக்குக் காலையில எல்லாரோட அப்பா அம்மாவும் வராங்க. நீங்க வரைஞ்ச முந்நூற்றுப் பன்னிரண்டு படத்தையும் பெரிய திரையில பேரோட காட்டணும். போட்டோ எடுத்தா, போன் எல்லாத்துக்கும் வெறும் நம்பரைப் போட்டு வெச்சிருக்கு. ஒவ்வொண்ணாப் பேர் மாத்தறேன்."

"எத்தனை முடிஞ்சது?"

"ஏழு முடிச்சேன். முதல் பேரையே விட்டதுல ஏழும் தப்பாப் போச்சு. மறுபடி முதல்லேருந்து!"

பட்டாணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பேர்ப் பட்டியல் கணினியில இருக்கா டீச்சர்? அதே வரிசையிலதான் போட்டோ எடுத்தீங்களா?"

"ஆமா. ஏன்?"

"அப்போ நான் ஒண்ணு செஞ்சு பார்க்கட்டுமா?"

பட்டாணியின் அக்காவுக்கு ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டில் அவள் கறுப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்தால் பட்டாணிக்குச் சாப்பாடுகூட மறந்துபோகும். அக்கா மவுஸைத் தொடவே மாட்டாள். குட்டிக் குட்டி வார்த்தைகளைத் தட்டுவாள். கணினி கைகட்டி நின்று கேட்கும். ls என்றால் உள்ளே இருப்பதைக் காட்டும். cp என்றால் நகல் எடுக்கும். mv என்றால் பெயரை மாற்றும். அப்படிப்பட்ட கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவிட்டால் அதுதான் ஸ்கிரிப்ட். நாம் ஒரு முறை எழுதினால் போதும், கணினி முந்நூறு முறை சலிக்காமல் செய்யும். என்ன ஒரு பொறுமை!

பட்டாணி நாக்கைக் கடித்துக்கொண்டு ஆறு வரி எழுதினாள். பட்டியலில் ஒரு பெயரை எடு, அடுத்த படத்துக்கு அதை வை, மறுபடி அடுத்த பெயரை எடு.

ஆனால் mv-க்கு முன்னால் echo என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தாள்.

"அது எதுக்கு?"

"இது இருந்தா கணினி எதையும் மாத்தாது டீச்சர். என்ன செய்யப்போகுதுன்னு சொல்ல மட்டும் சொல்லும்."

தட்டினாள். திரையில் வரிகள் மழையாகக் கொட்டின.

"அடேயப்பா!" என்றார் டீச்சர். "எல்லாம் சரியாத்தானே இருக்கு? மாத்திடும்மா, பஸ் போயிடும்."

"ஒரே நிமிஷம் டீச்சர்."

பட்டாணி விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இருநூற்று மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இதே பேர் மேலேயும் வந்துதே. எண்பத்தெட்டாவது."

"ஆமா, அந்தப் பேர்ல ரெண்டு பசங்க இருக்காங்க. நாலாம் வகுப்பு நெட்டை, ரெண்டாம் வகுப்பு ஓட்டைப்பல்."

"ஒரே பேர்ல ரெண்டு படம் இருக்க முடியாது டீச்சர். நெட்டையோட படம் வந்து ஓட்டைப்பல் படத்து மேலேயே உட்கார்ந்துடும். அவன் படம் காணாமலே போயிடும்!"

டீச்சர் முகம் வெளுத்தது. "ஐயையோ! இடம் இல்லைன்னு போன்ல எல்லாத்தையும் அழிச்சிட்டேனே. அவன் வரைஞ்ச தாளும் இல்லை. அதைக் கப்பல் செஞ்சு மழைத் தண்ணியில விட்டுட்டான். என் கண்ணாலேயே பார்த்தேன்."

அவ்வளவுதான், பட்டாணி முதல் வேலையாக cp தட்டி எல்லாப் படங்களுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்தாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள்.

"பேருக்கு முன்னால வரிசை எண்ணையும் சேர்த்துடலாமா? ஓட்டைப்பல் எண்பத்தெட்டு, நெட்டை இருநூற்று மூணு. ரெண்டு பேரும் இடிச்சுக்க மாட்டாங்க."

சேர்த்தாள். மறுபடி எல்லா வரியையும் படித்தாள். அப்புறம்தான் echo-வை அழித்துவிட்டுத் தட்டினாள்.

கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எண்ணிச் சொல்லச் சொன்னாள். முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது கணினி.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் கணினிக்கு எவ்வளவு அறிவு பாரேன்!"

"ஆனா அதுக்கு ஓட்டைப்பல்லைத் தெரியாதே டீச்சர்" என்றாள் பட்டாணி.

மறுநாள் மண்டபத்தில் ஈ நுழைய இடமில்லை. மேடையோரம் கணினி முன்னால் உட்கார்ந்து பட்டாணி ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். எண்பத்தெட்டாவது படம் வந்தது.

கடலுக்கு அடியில் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு மீன். ஒன்று செய்தித்தாள் படித்தது. ஒன்று தூங்கி வழிந்தது. கடைசிப் பெட்டியில் ஒரு திமிங்கலம் வால் வெளியே தொங்க, டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தது.

சலசலத்த மண்டபம் திரையை எட்டிப் பார்த்தது. பிறகு கூரை அதிரக் கைதட்டியது.

நடு வரிசையில் ஒரு குட்டிப் பையன் நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

"அம்மா, அது என்னோடது! அக்கா, அடுத்ததைப் போடாதீங்க! திமிங்கலத்தை இன்னும் எங்க அப்பா பார்க்கலை!"

பட்டாணி சிரித்துக்கொண்டே விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். நல்ல ரயில். கொஞ்ச நேரம் நின்றுதான் போகட்டுமே.