கேள்விக்குப் பின் பத்து விநாடி

அந்த மௌனம் அங்கே இருந்திருக்கக் கூடாது.

ஷ்யாமளா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்று எரிந்துபோனது பற்றி, இன்ஷூரன்ஸ் விசாரணைக்காக, அங்கே வேலை பார்த்த சொரிமுத்துவிடம் போன வாரம் அவள் எடுத்த வாக்குமூலம் அது. "அன்னிக்கு என்ன நடந்தது? ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்கோ" என்று அவள் குரல். அதன்பின் பத்து விநாடி வெறும் இரைச்சல்.

கேள்வியைப் பொதுவாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணு, எதிரே இருப்பவன் மௌனம் தாங்காமல் உள்ளதைக் கொட்டிவிடுவான். ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பாடம் எடுப்பவளே ஷ்யாமளாதான். ஆனால் அன்று அவள் எண்ணவில்லை. ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டதென்று, அவன் வாயைத் திறக்கும்போதே அடுத்த கேள்வியைப் போட்டாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

சனிக்கிழமை, மணி நாலரை. மாட்டுங்கா ஆபீஸின் ஜன்னல்களில் மழை விடாமல் அறைந்துகொண்டிருந்தது. "சயான்ல தண்ணி ஏறிடுத்தாம், நான் கிளம்பறேன். ரிப்போர்ட்டை இன்னிக்கே அனுப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அனந்தகிருஷ்ணன் போய் அரை மணி ஆகியிருந்தது. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரிதான் முக்கியம். பட்டறையை வெளியிலிருந்து பூட்டியவன் சொரிமுத்து. உள்ளே மாட்டிக்கொண்ட செண்பகவல்லி என்ற திருநெல்வேலித் தையல்காரி கருகிச் செத்தாள். அந்த வரி போய்ச் சேர்ந்தால் அவன் ஜெயிலுக்குப் போவான்.

ஒலியைக் கூட்டினாள். இரைச்சலுக்குள் ஃபேனின் முனகல், தகரத்தில் மழை, அதற்கும் அடியில் யாரோ இருமுவது. பெண் இருமல். வாக்குமூலம் எடுத்த அன்று அந்த அறையில் ஷ்யாமளாவைத் தவிர வேறு பெண் கிடையாது. தோலும் பசையும் சேர்ந்து எரிந்த நாற்றம் மெல்ல வந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

பிறகு சொரிமுத்துவின் குரல்.

"அர்ஜென்ட் ஆர்டர்னா மொதலாளிதாம் மேடம் வெளிய பூட்டிட்டு..."

"கதவைப் பூட்டினது நீங்கதானே?"

"இல்ல மேடம், நான் வந்து..."

"நீங்கதானே?"

நாலாவது தடவை கேட்டபோது அவன் ஆமாம் என்றான்.

அவன் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்திருக்கிறான்; இவள்தான் காது கொடுக்கவில்லை. ஷ்யாமளாவுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. திருத்தி எழுதிவிடலாம். ஆனால் பதினெட்டு வருஷமாகச் சம்பாதித்த பெயர் என்ன ஆகும்? இதை வேறு யார் கேட்கப்போகிறார்கள்?

பதிவை அழித்தாள். ரிப்போர்ட்டை அனுப்பினாள்.

ஹெட்போனில் இருமல் நிற்கவில்லை.

கழற்றி வீசினாள். அப்போதும் நிற்கவில்லை. அறைக்குள்தான் யாரோ இருமினார்கள்.

திரும்பிப் பார்க்காமல் கதவுக்கு ஓடினாள். கைப்பிடி சுட்டது. வெளியே நாதாங்கி விழுந்தது. பூட்டு சொடுக்கியது.

"கோன் ஹை? தர்வாஜா கோலோ!" யாரென்று கேட்டு, கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அவளுடைய குரலிலேயே.

"கதவைப் பூட்டினது நீங்கதானே?"

"இல்லை... நான் இல்லை!"

"நீங்கதானே?"

கதவடியில் புகை. கண் எரிந்தது.

"நீங்கதானே?"

மூச்சு வரவில்லை.

"நீங்கதானே?"

"ஆமாம்" என்றாள் ஷ்யாமளா.

சட்டென்று எல்லாம் அடங்கியது. மழைகூட.

முதுகுக்குப் பின்னால் வேறொரு குரல், திருநெல்வேலிப் பேச்சில், நிதானமாக.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு? மொதல்ல இருந்து சொல்லுங்கம்மா."

திரும்பினாள்.

மேசைமேல் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விசாரணைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி காலி. ஷ்யாமளாவின் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கரிந்துபோன விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அவசரமே இல்லாமல், பத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.