செல்வமேரியின் அப்பா

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை மாசிலாமணி சோதனை மையத்துக்குப் போவார். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்ததும், பரிசோதகர் லோகேஸ்வரி அவர் நெற்றியில் பட்டையைக் கட்டிவிட்டுக் கேட்கத் தொடங்குவாள்.

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“இல்ல.”

“யாரையாவது கொன்னிருக்கீங்களா?”

“இல்ல.”

“கடலைப் பார்த்தா என்ன தோணுது?”

“தண்ணி நிறைய இருக்குன்னு தோணுது.”

அவள் திரையைப் பார்ப்பாள். “காலி. அடுத்த மாசம் பாக்கலாம் சார்.”

அறுபத்தெட்டு வயதில் அவருக்கு வெளியே போக இருந்த வேலை அநேகமாக அது ஒன்றுதான்.

பத்தொன்பது வயதில் ஒரு நாடகக் குழுவோடு ஊர் ஊராகக் கிளம்பியவர். ராஜாவாக, தாசில்தாராக, ஆள் வராத ஒரு நாள் ராணியாக, ஒரு சமயம் குதிரையின் பின்னங்கால்களாகக்கூட மேடையேறியிருக்கிறார். பதினோரு வருடத்துக்குப் பிறகு சினிமா. அடி வாங்குகிறவன், கதாநாயகனின் அண்ணன், பிறகு கதாநாயகன். அவருடைய நாற்பதாவது வயதில் ‘உள்ளேற்றம்’ வந்தது.

அதன்பின் யாரும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. பாத்திரத்தின் வாழ்க்கை முழுவதையும், பிறந்த வீட்டு வாசனையிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடிவரை, நடிகனின் மண்டைக்குள் ஏற்றிவிடுவார்கள். அவன் அந்த ஆளாகவே காமிராவின் முன் நிற்பான். ‘நடிப்பு’ என்ற சொல்லே கொஞ்சம் மட்டமாகிப்போனது. படம் முடிந்த ஏழு நாளுக்குள், ஏற்றியதை எல்லாம் துடைத்தெடுக்கும் ‘இறக்கம்’. தொடக்கத்தில் அது கட்டாயமில்லை. ஒரு நடிகர் படம் முடிந்தபிறகும் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தினமும் தட்டி, “நான்தான் வந்திருக்கேன், திற” என்று கெஞ்சி, கடைசியில் அந்த வாசலிலேயே செத்துப்போன பிறகு சட்டம் வந்தது; எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க மாதாமாதச் சோதனையும் வந்தது.

மாசிலாமணி இருபத்தாறு வாழ்க்கைகளை ஏற்றி இறக்கியவர். நீதிபதி, கொலைகாரர், துறவி, படகோட்டி, முதலமைச்சர். விருதுகள் அலமாரி நிறைய இருந்தன. ஆனால் அந்தப் படங்களைப் போட்டுப் பார்த்தால், தன் சாயலில் இருக்கும் யாரோ ஒருவரின் கல்யாண வீடியோவைப் பார்ப்பதுபோல இருக்கும். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பிளாஸ்திரியை உரிக்கும்போது கூடவே முடியும் பிடுங்கிக்கொண்டு வருமே, அப்படி ஒவ்வொரு இறக்கத்திலும் அவருடையதும் கொஞ்சம் போயிருந்தது. இரண்டு வருடம் முன்பு அக்கா இறந்தபோது, மாலை வாங்கினார், உடலை எரித்தார், பந்தியில் உட்கார்ந்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரசம் நன்றாக இருந்தது.

அந்த ஆனி மாதச் செவ்வாயன்று சோதனை முடிந்து கீழே வந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்து நின்றாள். அறுபதைத் தொட்டிருப்பாள்.

“சார், நான் சுகிர்தம். உப்பளத் தொடர்ல உங்க கூட நடிச்சேன்.”

அவருக்குப் பெயர் தெரியும். ஆறு வருடம் ஓடிய தொடர். தூத்துக்குடி உப்பளத்துக் கணக்கப்பிள்ளையாக அவர், மனைவியாக அவள். அவ்வளவுதான் தெரியும், அதுவும் பத்திரிகையில் படித்தது.

“எனக்கு அன்னைக்கு இறக்கம் சரியா நடக்கல சார்,” என்றாள். “மிஷின் ஓடிச்சு, லைட் எரிஞ்சிது, எந்திரிச்சு வந்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா எல்லாம் அப்படியே கெடக்கு.”

“சொல்லலையா?”

“சொன்னா எடுத்துருவாங்கள்லா. பதினாலு வருசமா மாசாமாசம் இங்க வந்து, காலி மாதிரி நடிச்சேன். இப்பப் புதுக் கருவி வந்துட்டு. கண்டுபிடிச்சுட்டாங்க. வார திங்கக்கெழம எடுக்காங்க.”

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நமக்கு ஒரு மக இருந்தா. செல்வமேரி.”

தொடரில் அந்தப் பெண் ஒன்பது காட்சிகளில் வருவாள். நிஜக் குழந்தையை வைத்து எடுக்கவில்லை, கணினி வரைந்த உருவம். ஆனால் பெற்ற வலியும், பல் முளைத்ததும், மஞ்சள்காமாலையில் கிடந்ததுமாகப் பன்னிரண்டு வருடத்தை இருவர் தலையிலும் ஏற்றியிருந்தார்கள். உலகத்தில் அவள் இருந்த இடம் அந்த இரண்டு தலைகள்தான். ஒன்றைத் துடைத்தாயிற்று.

“இத்தன வருசத்துல அவளப் பத்தி ஒருத்தர்கிட்டயும் வாய் தொறந்ததில்ல. திங்கக்கெழமைக்கு முன்ன அவ அப்பாகிட்ட ஒரு தடவையாவது பேசிரணும்னு வந்தேன்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல சுகிர்தம்மா. பேரே இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது.”

“ஆமா. இருக்காதுன்னு தெரியும்.” அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பையின் வாரைத் தோளில் மாட்ட அவளுக்கு மூன்று தடவை வேண்டியிருந்தது.

மாசிலாமணிக்கு இரக்கம் ஒன்றும் வரவில்லை. மேடையில் ஒருவர் வசனம் கிடைக்காமல் நின்றால் எதிரில் நிற்கிறவன் எடுத்துக் கொடுக்க வேண்டும். உடம்புக்கு அது பழக்கம், அவ்வளவுதான். அவள் பேச்சின் இழுப்பையே பிடித்துக்கொண்டு கேட்டார்:

“மேரி எங்கட்டி? இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரலையா?”

சுகிர்தம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“வந்துட்டா,” என்றாள். “கையெல்லாம் மசி.”

“அவ என்னைக்குத்தான் சுத்தமா வந்தா.”

அவள் பேசினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து அடுத்ததைப் பிடித்தார். காமாலையின்போது கீழாநெல்லி அரைத்தது, இடது புருவத்து வெட்டு, உப்புக் குவியலில் சறுக்கி விளையாடி வாங்கிய அடி. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். குரலைத் தழைக்க வேண்டிய இடத்தில் தழைத்தார். உள்ளே எதுவும் அசையவில்லை.

“தோசை சுட்டா ஓரத்த மட்டும் பிச்சுத் தின்னுட்டு, நடுவ என் தட்டுல போட்டுருவா,” என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அது எனக்குத் தெரியாதே.”

“நீ அடுக்களைல நிப்ப. எங்க பாத்த?”

“சார்.” அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நடிக்கீங்கன்னு தெரியுது. நிறுத்திராதீங்க. இன்னும் சொல்லுங்க.”

சொன்னார். இடி இடித்தால் மேரி கட்டிலுக்கடியில் போகமாட்டாள், வாசலுக்கு ஓடுவாள் என்றார். தராசுத் தட்டில் அவளை உட்காரவைத்து உப்போடு நிறுத்துப் பார்த்ததைச் சொன்னார். பகல் மூன்று மணிவரை அந்தப் பெஞ்சில் ஒரு சிறுமி வளர்ந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தன்னோடு வர முடியுமா என்று அவள் கேட்டிருந்தாள். போனார். உள்ளே போகுமுன் சுகிர்தம் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தாள். நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல முகம் தெளிந்திருந்தது.

“மாசிலாமணி சார்தான? நீங்க எங்க இங்க?”

“இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேம்மா.”

“உடம்பப் பாத்துக்கிடுங்க சார்,” என்று கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ திரும்பும்வரை நின்றார்.

பிறகு, யாராவது ஒருவர் வைத்திருக்கட்டும் என்று, செல்வமேரியை முதலிலிருந்து ஒருமுறை நினைத்துப் பார்த்தார். மசிக் கை வந்தது, கீழாநெல்லி வந்தது, புருவத்து வெட்டு வந்தது, தோசை, இடி, தராசுத் தட்டு எல்லாம் வந்தன. இதில் சுகிர்தம் சொன்னது எது, தான் இட்டுக்கட்டியது எது என்று பிரிக்கப் பார்த்தார். கீழாநெல்லி வரைக்கும் பிரிக்க முடிந்தது. அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை.