முனியம்மாவின் மூன்று தட்டு

கண் விழித்தபோது தட்டைக் காணவில்லை.

ராத்திரி அதைக் கரண்டியோடு பாயின் வலப்பக்கம் வைத்தது பச்சையம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அங்கே வெறும் மண்தரை. எழுந்து தேட நினைத்தாள். கால் வரவில்லை. கையும் வரவில்லை.

ஐயோ, தூங்கிவிட்டேனா!

உடம்பு அலுத்து அசந்து தூங்கினால் சில காலைகளில் அவள் உடம்பு கட்டையாகிவிடும். காது கேட்கும், கண் அசையும், நாக்கு புரளாது. பொழுது உச்சிக்கு வந்தால் தானே விட்டுவிடும். லட்சத்தில் ஒருத்திக்கு வருகிற வியாதி என்று வேலூர் டாக்டர் சொன்னார். சாமி குத்தம் என்பார்கள் என்று ஊரில் சொல்லவில்லை. தெரிந்தது இருவருக்குத்தான்: புருஷன் அருணகிரிக்கு, பக்கத்து வீட்டு முனியம்மாவுக்கு.

அந்த ஐம்பத்தேழாம் வருஷம் விஷக்காய்ச்சல் அவர்களுடைய மலைக்கிராமத்துக்கும் ஏறி வந்தது. கடுக்காய் மூட்டையோடு போளூருக்குப் போன அருணகிரி திரும்புவதற்குள் பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். இருமல் கேட்ட வீட்டையெல்லாம் வெளியே தாழ் போட்டார் ஊர்ப் பெரியவர் தீர்த்தகிரி; பச்சையம்மா வீட்டையும், முனியம்மா வீட்டையும். கதவிடுக்கில் கூழ் வரும். உயிரோடு இருப்பவர்கள் தினமும் காலையில் மூன்று முறை தட்டைத் தட்ட வேண்டும். சத்தம் வராத வீட்டைத் திறக்கமாட்டார்கள். கொளுத்திவிடுவார்கள்.

அன்றிலிருந்து பச்சையம்மாவுக்குத் தூக்கமே பயமாகிவிட்டது. மிளகாயைக் கடித்துக்கொண்டு, சுவரில் தலையை மோதிக்கொண்டு விழித்துக் கிடந்தாள். தட்டினோமா இல்லையா என்று ஒரே காலையில் பத்து முறை தட்டினாள்.

மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து முனியம்மா சிரிப்பாள். "ஏன்டி, இன்னா கல்யாணமா நடக்குது உன் வூட்ல? தூங்குடி. நீ தட்டலன்னா ஒனக்கும் சேத்து நானே தட்றேன்."

முனியம்மாவின் தட்டு தனி. இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக.

மூன்று நாளுக்கு முன் அந்தச் சத்தம் வரவில்லை. தீ வைத்தார்கள். கூரை பற்றி எரியும்போதுதான் கேட்டது. டங் டங்... டங்.

"மூங்கில் வெடிக்குது," என்றான் வெளியே தீர்த்தகிரியோடு வந்த பழனி.

மூங்கில்தான் என்று பச்சையம்மாவும் சொல்லிக்கொண்டாள். கத்தியிருக்கலாம். கத்தினால் இருமல் வரும், முற்றிவிட்டதென்று தன் வீட்டையும் கொளுத்துவார்கள் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இப்போது வாசலில் காலடிகள்.

"பச்சையம்மா! தட்டும்மா!" தீர்த்தகிரியின் குரல்.

விரல். ஒரு விரல் போதும். அசை. அசை.

"சத்தமே காணோம்ணா," என்றான் பழனி. "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா?"

"பொறுத்துப் பொறுத்து இன்னும் எத்தினி பேரைக் குடுக்கறது? சுள்ளிய எடுத்துனு வா."

சுள்ளி சரிகிற சத்தம். மண்ணெண்ணெய் வாடை. கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

டங் டங்.

அவள் தலைமாட்டில். வீட்டுக்குள்ளே.

டங்.

வெளியே பழனி சிரித்தேவிட்டான். "கெட்டி உசுருண்ணா இவளுக்கு!"

"நல்லவேளை. கூழ வெச்சிட்டு வாடா."

காலடிகள் நகர்ந்தன. தேய்ந்தன. இல்லை.

மண்ணெண்ணெய் வாடை போனது. வேறொரு வாடை வந்தது. கருகிய மயிர். கருகிய தோல்.

மண்தரையில் தட்டு இழுபடும் சத்தம். மெதுவாக. தலைமாட்டிலிருந்து தோளுக்கு. தோளிலிருந்து இடுப்புக்கு.

பாய் ஒரு பக்கம் அமுங்கியது.

கண்ணை மட்டும் திருப்பினாள். கரிக்கட்டையாய் ஒரு கை. தோல் உரிந்த விரல்கள். அவளை ஒட்டிப் படுத்துக்கொண்டு, தட்டைத் தன் நெஞ்சின்மேல் வைத்து, கரண்டியைப் பிடித்தபடி அது காத்திருந்தது. நாளைக் காலைக்காக.

பொழுது உச்சிக்கு வந்தது.

உடம்பு விடவில்லை.