கேட்டால் அழை

பத்தாம் வகுப்புக் கணிமைச் சிந்தனைத் தேர்வில் ஹில்டா நூற்றுக்கு நூறு. அந்தத் தேர்வில் அவள் எழுதிய விதிகள்தான் தூத்துக்குடியில் அவள் வீட்டு வேலைகளைச் செய்யும் இயந்திரமான ஏவலியை இயக்கின. தானாக ஊகிக்கும் இயந்திரங்களை அரசு தடைசெய்து பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. சொன்னதை மட்டுமே செய்யும் ஏவலிக்கு வீட்டுப் பிள்ளைகள்தான் ஒவ்வொரு படியையும் யோசித்து எழுதித் தர வேண்டும். அப்படி யோசிக்கக் கற்றுக்கொடுத்தவர் செண்பகவல்லி டீச்சர்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டில் யாரும் இல்லாத வேளையில், ஹில்டாவின் அப்பா சவரிமுத்துவுக்குப் பக்கவாதம் வந்தது. வாய் கோணிப் பேச்சு நின்றுவிட்டது. 'அப்பா உதவி கேட்டால் ஆம்புலன்ஸை அழை' என்பது விதி. அவர் கேட்பார் என்று ஏவலி நான்கு மணி நேரம் பக்கத்திலேயே நின்றது.

உயிர் பிழைத்தார். வலப்பக்கம் போனது போனதுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டீச்சரைக் கண்டும் ஹில்டா அழவில்லை. "நீங்கதான டீச்சர் நூறு போட்டிய" என்றாள்.

விடைத்தாளில் அந்த விதிக்கு நேரே 'சுருக்கம், தெளிவு' என்று எழுதியதும் செண்பகவல்லியின் கைதான்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "மனுசங்க வாய் தொறக்காம எப்படியெல்லாம் கேப்பாங்க? எழுதுங்க."

மூன்று வாரம் எழுதினார்கள். இமையசைத்து, சோற்றைத் தள்ளிவைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து... இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள். முப்பத்தொரு வீடுகளில் ஏற்றினார்கள்.

சவரிமுத்து இப்போது இமையை அசைத்தாலே தண்ணீர் வந்தது. மற்ற வீடுகளில் யாரும் எதிர்பாராதது நடந்தது. ஏவலிகள் அந்தந்த வீட்டுப் பெண்களின் அருகில் போய் நின்றன. நின்றபடியே சாப்பிடுகிறவளுக்கு நாற்காலி போட்டன. கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டன.

ஒரு மாதத்தில், பழைய விதிகளே வேண்டும் என்ற மனுவோடு பெற்றோர்கள் பள்ளிக்கு வந்தார்கள். துறைமுகத்தில் வேலைபார்க்கும் ஞானராஜ்தான் முதலில் பேசினார்.

"என் பொஞ்சாதி ஒருநாளும் ஒண்ணும் கேட்டதில்ல டீச்சர். இப்ப அந்த மெஷின் அவள விட்டு நகர மாட்டேங்கு. பாக்கவே சங்கடமா இருக்கு. கேக்காதவுகளுக்கெல்லாம் செஞ்சா வீடு தாங்குமா?"

அவர் மனைவி ரோஸ்மேரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொல்லுதிய?" என்று செண்பகவல்லி அவளிடம் கேட்டார்.

ரோஸ்மேரி கணவரை ஒரு தடவை பார்த்தாள். முந்தானை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றினாள். பிறகு, "பழசே இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் வாயால் சொன்னதையே செண்பகவல்லி எடுத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் ஹில்டாவின் வீடு தவிர மற்ற முப்பது வீடுகளிலும் பிள்ளைகளே பழைய விதிகளை ஏற்றிவிட்டார்கள், ஒரு பிழையும் இல்லாமல்.