நிறுவனத்துக்கு வியர்த்தது

வெண்பரல் கனிம நிறுவனம் மாடிப்படி ஏறி வந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தது. "வக்கீலம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டது.

அங்கயற்கண்ணி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பெரிய நிறுவனங்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர் அவர். தொழிலாளர்களின் மனித உரிமை வழக்குகள் ஒரு பக்கம், வெளிநாடு கேட்கும் ஆளை ஒப்படைக்கலாமா கூடாதா என்ற வழக்குகள் மறுபக்கம். இத்தனை வருடத்தில் எதிர்த்தரப்பே நேரில் வந்து செருப்பைக் கழற்றியது இதுதான் முதல் தடவை.

நிறுவன உடல் சட்டம் வருவதற்கு முன்பு கதை வேறு. ஆலையில் ஆள் செத்தால், "தாராளமாகக் கைது செய்யுங்கள், பெயர்ப்பலகை வாசலில்தான் தொங்குகிறது" என்று இயக்குநர்கள் சிரிப்பார்கள். சட்டத்தின் கண்ணில் நிறுவனமும் ஓர் ஆள்தான். ஆளுக்கு உடல்தான் இல்லை. அந்தக் குறையைப் பொறியாளர்கள் தீர்த்து வைத்தார்கள். நிறுவனத்தின் கணக்கு, கடிதம், கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் போட்டு அரைத்து ஒரு மூளை, அதைச் சுமக்கக் கை, கால், கொஞ்சம் தொந்தி. வெறும் பொம்மையைச் சிறையில் போடுவது ஃபிரிட்ஜை அறைக்குள் வைத்துப் பூட்டுவது மாதிரி என்று நாடாளுமன்றத்தில் யாரோ சொல்லப்போக, உணர்தோலும் மூச்சுப்பையும் சேர்த்தார்கள். சுட்டால் சுடும், வெயிலில் வியர்க்கும், காற்று இல்லாவிட்டால் திணறும். நிறுவன உடல் சொல்வதே நிறுவனத்தின் சொல் என்றும் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. இயக்குநர்கள் அதைப் படிக்காமலே கைதட்டினார்கள். ஜெயிலுக்குப் போகத் தனியாக ஓர் ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர்களுக்கு.

"என்ன விஷயம்?" என்றார் அங்கயற்கண்ணி.

"நிலாவுல என்னையக் கேக்குறாங்க மேடம். ஒப்படைக்கணும்னு கேஸ் போட்டிருக்காங்க. நான் போக மாட்டேன்."

நிலவுக் குடியரசில் வெண்பரலுக்குச் சுரங்கங்கள் உண்டு. அங்கே ஒரு தொழிலாளர் விடுதியில் காற்று போதாமல் மூன்று பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு, புதுச் சுரங்கம் ஒன்றுக்கு ரிப்பன் வெட்டப் போன நிறுவன உடலை அந்த மேடையிலேயே பிடித்து உள்ளே தள்ளினார்கள். ஒரு வாரம் கிடந்தது. ஜாமீன் கிடைத்த கையோடு அடுத்த கப்பலைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

"ஜாமீன்ல இருக்கும்போது ஓடி வந்தது தப்பு."

"அங்க ஒரு நாள் கெடந்து பாருங்க மேடம், நீங்களும் ஓடியாந்துருவீங்க. படுத்தா மூக்குல இடிக்கிற மாதிரி மேல இன்னொரு கட்டில். காத்த அளந்துதான் விடுவாங்க. பக்கத்துல ஒருத்தன் இருமுனா நமக்கு மூச்சு கொறையும். ஒரு ஜன்னலு கூடக் கெடையாது..." அது மறுபடி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டது.

அங்கயற்கண்ணிக்கு இரக்கம் வந்தது. போயும் போயும் இதன் மேலா வரவேண்டும் என்று எரிச்சலும் வந்தது. "ஊர்ல வேற வக்கீலே இல்லையா? எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"அந்தக் கட்டடத்தப் பத்தி ஒங்கள மாதிரி யாரும் எழுதுனதில்ல மேடம்."

"எந்தக் கட்டடம்?"

"அந்த ஜெயிலுதான். அது என்னோட பழைய ஹாஸ்டலு. நிலா சர்க்காருக்கு வித்தோம், அவங்க போர்ட மட்டும் மாத்திக்கிட்டாங்க. அங்க இருந்த ஆளுங்களுக்காக நீங்க போட்ட மனு என் மண்டைக்குள்ளதான் இருக்கு. உள்ள கெடக்கையில அத எடுத்து வாசிச்சேன். ஒரு வரி பொய்யில்ல."

அங்கயற்கண்ணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த மனுவுக்காக அவர் நாயாக அலைந்திருக்கிறார். நீதிபதி சதக்கத்துல்லா, 'அசௌகரியம் வேறு, கொடுமை வேறு' என்று சொல்லித் தள்ளுபடி செய்துவிட்டார். தோற்ற வழக்குகள் எத்தனையோ உண்டு, இது ஒன்றுதான் இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"சரி, கேளுங்க. போற எடத்துல ஜெயில் மனுஷன் இருக்கத் தகுதி இல்லன்னு காட்டுனா கோர்ட்டு ஒங்கள அனுப்பாது. ஆனா அப்படிக் காட்டுனா, அதே பிளான்ல நீங்க நடத்துற மத்த ஹாஸ்டல் எல்லாம் மாட்டும். கம்பெனிக்குப் பலத்த அடி விழும். யோசிச்சுக்கோங்க."

"கம்பெனி நான்தானே மேடம்? எனக்குச் சம்மதம்."

மறுநாள் காலையில் வெண்பரலின் நிர்வாக இயக்குநர் கோமதிநாயகம் கார் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தார். "அந்த வாதம் வேணாம்மா. வேற எதையாவது சொல்லித் தோத்துருங்க. அது பேசாம உள்ள போகட்டும். அதுக்குத்தானே அதச் செஞ்சு வச்சிருக்கோம்?"

"என்னோட கட்சிக்காரர் அதுதான் சார். நீங்க இல்ல."

"நான் எம்.டி.ம்மா!"

"அது கம்பெனி, சார்."

அங்கயற்கண்ணி சட்டப் புத்தகத்தை எடுத்து அந்தப் பிரிவைக் காட்டினார். கோமதிநாயகம் அதை வாழ்க்கையில் முதல் முறையாக, நின்றுகொண்டே வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் ஈயாடவில்லை.

விசாரணை நாளில் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. அங்கயற்கண்ணி பழைய மனுவையே கையில் எடுத்துக்கொண்டார். 'தொழிலாளர்கள்' என்று இருந்த இடத்தில் 'என் கட்சிக்காரர்' என்று மாற்றியதைத் தவிர வேறெதையும் தொடவில்லை. கட்டிலைச் சொன்னார், காற்றைச் சொன்னார், கூரையிலிருந்து சொட்டும் துரு நாற்றத்தைச் சொன்னார். பாதி வாதத்தில் நீதிபதி கையை உயர்த்தினார். அவரும் பழைய ஆள்தான், அதே சதக்கத்துல்லா.

"அம்மா, இத நான் எங்கயோ வாசிச்சிருக்கேனே?"

"நீங்களே தள்ளுபடி பண்ணது, மை லார்ட்."

நீதிமன்றம் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "அன்னிக்கு இதே கம்பெனி என்ன சொல்லுச்சு? எல்லா வசதியும் இருக்குன்னு சத்தியம் பண்ணுச்சே. கட்டடமும் அதேதான், கட்டிலும் அதேதான். அன்னிக்கு வசதியா இருந்தது இன்னிக்கு எப்படிம்மா கொடுமையாச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று அங்கயற்கண்ணிக்குத் தெரியும். வாரம் முழுக்க இதற்காகவே மண்டையை உடைத்திருந்தார். இப்போது சொல்லாவிட்டால் கட்சிக்காரர் நிலாவுக்குப் போய்விடும், விடுதிகளும் அப்படியேதான் இருக்கும். ஆனால் சட்டத்தில் பதில் எதுவும் அகப்படவில்லை.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெண்பரல் எழுந்து நின்று கைகூப்பியது.

"ஐயா, அன்னிக்கு நான் அங்க படுத்ததில்ல."

சதக்கத்துல்லா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, "இந்த நாற்காலியில உக்காந்திருக்கிறவனும் படுத்ததில்ல" என்று மெல்லச் சொன்னார். அங்கயற்கண்ணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோப்பைப் புரட்டுவதுபோலக் குனிந்துகொண்டார்.

தீர்ப்பு நான்கே வரி. நிறுவன உடலை அனுப்ப முடியாது. பழைய உத்தரவு தவறு. அந்த வரைபடத்தில் கட்டிய கட்டடம் எதுவானாலும், நிலாவுக்கு விற்ற சிறை உட்பட, வெண்பரல் தன் செலவில் சீரமைக்க வேண்டும். மூன்று பேர் சாவுக்குக் காரணமானவர் யார் என்பதை நிறுவனம் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

வெண்பரல் வாய் திறந்தது. காற்றைக் குறைக்கச் சொன்ன கூட்டம், அதில் பேசியவர், பேசிய வார்த்தை என்று மண்டையில் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் நிலவுக் குடியரசுக்கு வாக்குமூலமாகக் கொடுத்தது. அதோடு நிற்காமல், நிலாக்காரர்கள் அதன் மேல் இருந்த வழக்கைக் கைவிட்டதும் தானே மேற்பார்வை செய்து கட்டடங்களையும் இடித்துக் கட்டியது. படுத்துப் பார்த்துச் சரியென்று பட்ட பிறகுதான் ஒவ்வொரு அறையையும் ஒப்புக்கொண்டதாம். கொத்தனார்கள் நொந்துபோனார்கள்.

சில மாதம் கழித்து கோமதிநாயகம் மறுபடி அங்கயற்கண்ணியின் அலுவலகத்துக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"நிலாக்காரங்க இப்ப என்னையக் கேக்குறாங்கம்மா. கேஸ் வந்துருச்சு. அன்னிக்குச் சொன்னீங்களே, அதே வாதத்த எனக்கும் சொல்லி என்னையக் காப்பாத்துங்க. அந்த ஜெயிலு கொடுமைன்னு சொல்லுங்க."

"ஒங்க கம்பெனிக்கு வாதாடிட்டு இந்தக் கேஸ்ல ஒங்களுக்கு வாதாட முடியாது சார். வேற வக்கீலத்தான் பாக்கணும். அதுவும் போக, யாரு சொன்னாலும் இப்ப அது எடுபடாது."

"ஏன்?"

அங்கயற்கண்ணி மேசைத்திரையைத் தட்டி அவர் பக்கம் திருப்பினார். இடித்துக் கட்டிய சிறையின் படம். அகலமான அறை. தனித்தனிக் கட்டில், மெத்தை. பெரிய ஜன்னல், அதற்கு வெளியே நீல நிறத்தில் பூமி. காற்று தாராளம் என்று நீதிமன்றம் அமைத்த மேற்பார்வைக் குழுவின் சான்றிதழ் கீழேயே ஒட்டியிருந்தது.

"ஒங்க கம்பெனிதான் பாத்துப் பாத்துக் கட்டிருக்கு சார். கோர்ட்டு இதக் கொடுமைன்னு சொல்லாது."

கோமதிநாயகம் கொதித்துப்போனார். "இப்படி எல்லாத்தையும் சரி பண்ணி வச்சா, அப்புறம் நான் எதச் சொல்லித்தாம்மா தப்பிக்கிறது?"

அங்கயற்கண்ணி தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். கோமதிநாயகம் அதைக் குடிக்காமல் அந்தப் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எனக்கு ஜன்னலோரக் கட்டில் கெடைக்குமான்னு அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?"